எடை குறைப்பு அறுவைச் சிகிச்சைக்கு எப்படித் தயாராக வேண்டும்? குறைந்த எடை மீண்டும் ஏறாமல் காக்கும் பழக்கங்கள் எவை?

எடை 100 கிலோவைத் தாண்டிவிட்டது, சர்க்கரை நோயும் முழங்கால் வலியும் சேர்ந்துகொண்டன, கோயம்புத்தூரில் பார்த்த மருத்துவர் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கச் சொல்லிவிட்டார், இனி என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கோபிசெட்டிபாளையத்துக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் வசிக்கும் பள்ளி ஆசிரியை. ஏறத்தாழ இதே காரணங்களுக்காக 2019-இல் இரைப்பை பைபாஸ் என்னும் எடை குறைப்பு அறுவை செய்துகொண்டவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மருந்தின் அளவிலும் உணவு அட்டவணையிலும் உங்கள் மருத்துவர் சொல்வதே முடிவானது.

நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். அறுவைக்குப் பிறகு எப்படி உண்ண வேண்டுமோ, அப்படி உண்பதை அறுவைக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே உங்கள் வீட்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அறுவை முடிந்த முதல் சில மாதங்களில் பசி வெகுவாகக் குறைந்திருக்கும். அப்போது குறைவாக உண்பதற்குப் பெரிய முயற்சி எதுவும் தேவைப்படாது. ஓர் ஆண்டு, ஒன்றரை ஆண்டு கழிந்து பசி மெல்லத் திரும்பும்போது நம்மைத் தாங்கிப் பிடிப்பது அதற்குள் வேரூன்றிவிட்ட பழக்கம் மட்டுமே. அந்தப் பழக்கத்தை, வயிற்றில் தையலோடும் உடலில் சோர்வோடும் படுத்திருக்கும் நாட்களில் புதிதாகத் தொடங்குவது மிகவும் கடினம்.

முதலில் தகுதி பற்றி. எடையைக் கிலோவில் எழுதி, மீட்டரில் உள்ள உயரத்தை அதே எண்ணால் பெருக்கி வரும் தொகையால் வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ. என்னும் உடல் நிறைக் குறியீடு. 160 செ.மீ. உயரமும் 100 கிலோ எடையும் உள்ளவருக்கு அது 39. 2022-இல் இத்துறையின் பன்னாட்டு மருத்துவச் சங்கங்கள் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 35-க்கு மேலிருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவையைப் பரிந்துரைக்கலாம். நம்மைப் போன்ற ஆசிய நாட்டவருக்கு 27.5-க்கு மேலேயே அதைப் பரிசீலிக்கலாம். ஆனால் நம் நாட்டு மருத்துவக் காப்பீட்டுப் பத்திரங்களின் பொது விதி இன்னும் பழைய அளவிலேயே நிற்கிறது: பி.எம்.ஐ. 40 இருக்க வேண்டும், அல்லது 35-உடன் கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய், கடுமையான உறக்க மூச்சுத்தடை, இதய நோய் போன்றவற்றில் ஏதேனும் ஒன்று இருக்க வேண்டும். ஆகவே மருத்துவர் தகுதி உண்டு என்று சொல்வதும் காப்பீட்டு நிறுவனம் பணம் தருவதும் வெவ்வேறு செய்திகள். முன் அனுமதிக்கான கடிதத்தை அறுவைக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி என்று இதுவரை முயன்றதற்கான மருத்துவக் குறிப்புகளையும் சேர்த்து வைத்திருங்கள்.

எந்த வகை அறுவை என்பதை அக்கம்பக்கத்தில் செய்துகொண்டவரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுக்கப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற இயக்குநீர் அந்தப் பகுதியில்தான் பெருமளவு சுரக்கிறது. பைபாஸ் முறையில் சிறு பை போன்ற இரைப்பை அமைக்கப்பட்டு, குடலின் முற்பகுதியைத் தவிர்த்து உணவு செல்லும்படி இணைக்கப்படுகிறது. உங்களுக்கு நெடுநாள் நெஞ்செரிச்சல் இருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள், ஏனெனில் ஸ்லீவ் அதை அதிகமாக்கக்கூடும். எண்டோஸ்கோபி, வயிற்று ஸ்கேன், இதயப் பரிசோதனை, தைராய்டு, மூன்று மாதச் சராசரி சர்க்கரை, இரும்புச்சத்து, வைட்டமின் டி, பி12 ஆகிய அனைத்தையும் பார்ப்பார்கள். நீங்கள் குறட்டை விடுகிறீர்களா, உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்பதை உங்களைவிட வீட்டில் இருப்பவர்கள் நன்றாக அறிவார்கள்; மருத்துவரைப் பார்க்கும்போது அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். மயக்க மருந்து கொடுப்பவருக்கு அது மிக முக்கியமான தகவல். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன் முற்றிலும் நிறுத்த வேண்டும். காயம் ஆறுவதும் நுரையீரல் ஒத்துழைப்பதும் அதைப் பொறுத்தவை.

அறுவைக்கு முந்தைய இரண்டு வாரங்களுக்குப் பெரும்பாலான மருத்துவமனைகள் மிகக் குறைந்த கலோரி உணவைக் கொடுப்பார்கள். பலர் இதை எடை குறைப்பதற்கான முன்னோட்டம் என்று எண்ணி அரைகுறையாகக் கடைப்பிடிக்கிறார்கள். இதன் உண்மையான நோக்கம் கல்லீரலைச் சுருக்குவது. நம்மில் பலருக்குக் கொழுப்பு படிந்து வீங்கியிருக்கும் கல்லீரலின் இடப்பக்க மடல் இரைப்பையின் மேல் கவிந்திருக்கிறது. சிறு துளைகள் வழியாக வேலை செய்யும் மருத்துவர் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் இரைப்பையை அடைய முடியும். மாவுச்சத்தைக் குறைத்து இரண்டு வாரம் உண்டால், அங்கே சேமித்து வைத்த சர்க்கரையும் அதனுடன் பிணைந்த நீரும் வெளியேறிக் கல்லீரல் சிறிதாகிறது, அறுவையும் பாதுகாப்பாகிறது. இந்த நாட்களில் வழக்கமான அளவில் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். எந்த மருந்தை எவ்வளவு குறைப்பது என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம் அடுக்களைக்கு வருகிறேன். காலையில் இட்லி, மதியம் சோறு, இரவில் தோசை என்று மூன்று வேளையும் அரிசியாகவே உண்ணும் வீடுகள் நம் பகுதியில் மிகுதி. நாம் பெருமையோடு பேசும் அரிசிம்பருப்புச் சோற்றிலும் பருப்பு கொஞ்சம்தான். அறுவைக்குப் பிறகு நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவை என்பார்கள். ஒரு வேளைக்கு ஒரு சிறு கிண்ணம் மட்டுமே உண்ண முடிகிற வயிற்றில் அதைச் சேர்ப்பதற்குக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், அரை லிட்டர் பாலில் சுமார் 16 கிராம், 50 கிராம் கொள்ளில் அல்லது பாசிப்பயற்றில் சுமார் 11 கிராம், 25 கிராம் சோயா உருண்டையில் (மீல் மேக்கர்) சுமார் 13 கிராம். நாமக்கல் பக்கத்திலேயே இருக்கும்போது முட்டைக்கு நமக்குப் பஞ்சமில்லை. கொள்ளு நம் மண்ணின் தானியம். கொள்ளை வேகவைத்துக் கடைந்த பருப்பும், கொள்ளு ரசமும் நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்தவை. அறுவைக்கு முன்பே தட்டில் முதலில் இவற்றை வைத்து உண்டு, பிறகு காய், கடைசியில் சோறு என்ற வரிசைக்கு மாறுங்கள். புரட்டாசி முழுவதும் அசைவம் உண்ணாத குடும்பம் என்றால், அந்த மாதத்துக்குப் பனீர், சோயா, தயிர், பயறு என்று தனியாகத் திட்டமிட வேண்டும். இல்லையேல் தசை இளைத்து, முடியும் உதிரக்கூடும்.

இன்னொரு பயிற்சி, உணவையும் நீரையும் பிரிப்பது. ரசத்தைச் சோற்றில் ஊற்றிக் கரைத்தும், மோர் ஊற்றிப் பிசைந்தும் உண்டு பழகியவர்கள் நாம். சுருங்கிய இரைப்பையில் அப்படி உண்டால் உணவு நழுவி விரைவில் இறங்கிவிடும், வயிறு நிறைந்த உணர்வு நிலைக்காது. உணவுக்கு முன்னும் பின்னும் அரைமணி நேரம் நீர் அருந்தாமல், மற்ற நேரங்களில் வாய் வாயாகப் பருகி ஒன்றரை லிட்டரை எட்டுவது எளிய காரியமன்று. நன்றாகக் கூழாகும் வரை மென்று, ஒரு சிறு தட்டு உணவை இருபது நிமிடம் உண்பதும் அப்படியே. இரண்டையும் இப்போதே தொடங்குங்கள்.

உறவினரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. நம் பகுதியில் விருந்தோம்பல் என்பது அன்பின் மொழி. இலையில் மிச்சம் வைப்பது, பரிமாறியவரை மறுப்பதாகவே பார்க்கப்படுகிறது. "ஒரு வாய் சேத்தித் தின்னா என்ன ஆயிரப் போவுது கண்ணு" என்று என் மாமியார் கேட்டபோது அவர் குரலில் இருந்தது உண்மையான கவலை. அதனால் அவரையே உணவியல் நிபுணரிடம் அழைத்துச் சென்றேன். ஒரு வேளைக்கு என் வயிறு எவ்வளவு தாங்கும், அதை மீறினால் வாந்தியும் வலியும் எப்படி வரும் என்பதை நிபுணர் அவருக்கே நேரில் விளக்கிய பிறகு, விருந்துகளில் எனக்காகப் பேசுபவராக அவரே மாறினார். வீட்டில் சமைப்பவர் யாரோ, வற்புறுத்துபவர் யாரோ, அவரை ஒருமுறையாவது மருத்துவரின் முன் உட்கார வையுங்கள். மாரியம்மன் பண்டிகை, கிடா விருந்து, நெருங்கிய உறவில் கல்யாணச் சீர் ஆகியவை எப்போது வருகின்றன என்று பார்த்து, அறுவைக்குப் பிந்தைய இரண்டு மாதங்களில் வீட்டில் பெரிய விசேஷம் எதுவும் இல்லாதபடி நாளைக் குறித்துக்கொள்வதும் நல்லது.

அறுவைக்குப் பின் முதலில் தெளிந்த நீர்மங்கள், பிறகு பால், மோர், புரதப் பொடி, அதன்பின் மசித்த உணவு, பிறகு மென்மையான உணவு என்று ஆறு முதல் எட்டு வாரங்களில் வழக்கமான உணவுக்கு வருவார்கள். அந்தியூர், தாராபுரம் போன்ற ஊர்களிலிருந்து வருபவர்கள், வீட்டுக்கு அனுப்பிய பிறகும் சில நாட்கள் மருத்துவமனைக்கு அருகில் தங்குவது நல்லது என்பது என் கருத்து. காய்ச்சல், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டுதல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, மூச்சுத் திணறல், கெண்டைக்காலில் வீக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது. தையல் கசிவோ இரத்தக்கட்டியோ இருக்கலாம். வாந்தி நாட்கணக்கில் நிற்காவிட்டாலும் உடனே போக வேண்டும். வைட்டமின் பி1 தீர்ந்து நரம்பும் மூளையும் பாதிக்கப்படும் அபாயம் அதில் உண்டு.

எடை திரும்புவது பெரும்பாலும் பெருவிருந்துகளால் நிகழ்வதில்லை. பேக்கரித் தேநீர், அதனுடன் ஒரு பன், மாலையில் முறுக்கு, தொலைக்காட்சி முன் மிக்சர் என்று, வாயில் கரைந்து வயிற்றில் நழுவும் தின்பண்டங்களால்தான் அது நிகழ்கிறது. இரண்டு இட்லி உண்ண முடியாத இரைப்பையில் ஒரு பாக்கெட் பிஸ்கட் எளிதாக இறங்கிவிடும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையானாலும், கருப்பட்டியானாலும், கரும்புச் சாறானாலும் இரைப்பைக்கு அது சர்க்கரைதான். பைபாஸ் செய்தவர்களுக்கு அது குடலில் திடீரென்று இறங்கும்போது படபடப்பு, வியர்வை, மயக்கம், வயிற்றுப்போக்கு எல்லாம் வரக்கூடும். மதுவும் முன்னைவிட விரைவாக இரத்தத்தில் ஏறும். அதை அடியோடு விட்டுவிடுவதே நன்று.

எடை முதல் ஆறு மாதங்களில் வேகமாகக் குறைந்து, ஒன்று அல்லது ஒன்றரை ஆண்டுவரை மெல்ல இறங்கி, பெரும்பாலும் தொடக்க எடையில் கால் பங்கு அல்லது அதற்குச் சற்று மேல் குறைந்த நிலையில் நிற்கிறது. பிறகு ஓரிரு கிலோ ஏறினால் அதைத் தோல்வி என்று எண்ணி மருத்துவரைத் தவிர்க்க வேண்டாம். நடப்பதோடு நிறுத்தாமல், எடை தூக்கும் எளிய பயிற்சிகளையும் செய்யுங்கள். கொழுப்போடு தசையும் கரைவதை அதுதான் தடுக்கும். நான் விடியலில் கீழ்பவானி வாய்க்கால் கரையில் நடக்கிறேன். வீட்டில் மணல் நிரப்பிய பாட்டில்களை வைத்துக் கைப்பயிற்சி செய்கிறேன். பழனிக்குப் பாதயாத்திரை போக விரும்பினால், மருத்துவர் அனுமதித்த பிறகு, வழியெல்லாம் பருக நீரும் புரதமும் கையில் வைத்துக்கொண்டு போகலாம்.

மாத்திரைகள் வாழ்நாள் முழுவதற்கும் உரியவை. பி12, இரும்பு, கால்சியம் சிட்ரேட், வைட்டமின் டி ஆகியவை தவறக் கூடாது. இரும்பையும் கால்சியத்தையும் இரண்டு மணி நேர இடைவெளியிலும், இரும்பைத் தேநீர், காபியிலிருந்து தள்ளியும் எடுக்க வேண்டும். முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் பைபாஸ் செய்தவர்களுக்கு இரைப்பையில் புண்ணை உண்டாக்கக்கூடும். மருத்துவர் சொல்லாமல் அவற்றைத் தொடாதீர்கள். கருவுறும் வயதில் உள்ள பெண்கள் 12 முதல் 18 மாதங்கள் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுவதால் இதை முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். மூன்றாம் மாதத்திலிருந்து முடி உதிர்வது பெரும்பாலும் தற்காலிகமானது. புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் மீண்டும் வளரும். முதல் ஆண்டில் மருத்துவர் குறித்த நாட்களிலும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அதற்காகக் கோயம்புத்தூர் வரை போக முடியாதவர்கள், கோபியிலோ ஈரோட்டிலோ உள்ள ஆய்வகத்தில் எடுத்து, முடிவுகளை மருத்துவருக்கு அனுப்பி, தொலைபேசியிலாவது கேட்டுக்கொள்ளலாம்.