கேஷுவாலிட்டியில் மயக்க ஊசி: கேள்வி பதில்

சிராவயல்: மஞ்சுவிரட்டில் தம்பிக்குத் தோள் இறங்கிருச்சு. தியேட்டருக்குக் கொண்டுபோகாம கேஷுவாலிட்டியிலேயே ஊசி போட்டு ஏத்துனாங்க. சரியா சார்?

பதில்: சரிதான், ஆள் இருந்தால். கெட்டமைன் என்ற மயக்க மருந்து என்றால் நரம்பில் கிலோவுக்கு 1 மில்லிகிராம். வயால் (மருந்துக் குப்பி) மில்லிக்கு 50 மில்லிகிராம் என்றும் வருகிறது, 10 என்றும் வருகிறது. லேபிள் பார்க்காமல் இழுத்தால் ஐந்து மடங்கு உள்ளே போய்விடும். 50 வயாலில் 2 மில்லியோடு 8 மில்லி சலைன் கலந்தால் மில்லிக்கு 10. அறுபது கிலோ ஆளுக்கு 6 மில்லி, ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாக. வேகமாகத் தள்ளினால் மூச்சு சற்று நின்றுவிடும். கண் திறந்தே இருக்கும், விழி ஆடும். அது மருந்தின் குணம். ஆக்ஸிஜன், சக்‌ஷன், ஆம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை) எல்லாம் ஊசிக்கு முன்பே தலைமாட்டில் இருக்கணும். ஊசி போட்டு மூச்சைப் பார்ப்பவர் வேறு, தோளை ஏற்றுபவர் வேறு.

தேவகோட்டை: அப்பத்தாவுக்கு 82. மணிக்கட்டு முறிவு. மிடசோலம்னு தூக்க ஊசி போடணுங்கிறாங்க, தாங்குமா?

பதில்: 1 மில்லிகிராமுக்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம், இரண்டு மூன்று நிமிடம் பார்த்துத்தான் அடுத்தது. ஃபென்டனில் என்ற வலி மருந்தும் சேர்ந்தால் இரண்டுமாக மூச்சை அமுக்கும், இன்னும் குறைக்கணும். முறிந்த இடத்திலேயே மரப்பு ஊசி போட்டால் பல நேரம் மயக்கமே தேவைப்படாது. அதைக் கேளுங்கள்.

கானாடுகாத்தான்: கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவரை ஆறு மணி நேரம் காக்கவச்சாங்களே?

பதில்: தண்ணீருக்கு 2, லேசான உணவுக்கு 6, கொழுப்புச் சாப்பாட்டுக்கு 8 மணி என்பது திட்டமிட்ட ஆபரேஷன் கணக்கு. அடிபட்ட கையில் நாடி இல்லையென்றால் காக்கக் கூடாது.

பள்ளத்தூர், செவிலியர்: காக்காம ஊசி போட எங்க மயக்க டாக்டர் ஒத்துக்க மாட்டார். வாந்தி நுரையீரலுக்குள்ள போனா யார் பொறுப்பு?

பதில்: பயம் நியாயம். ஆனால் அடிபட்டவருக்கு வலியிலேயே இரைப்பை மந்தமாகிவிடும். ஆறு மணி கழித்தும் காலியென்று சொல்ல முடியாது. கெட்டமைனில் தொண்டைக் காவல் (இருமி, விழுங்கி மூச்சுக்குழாயைக் காப்பது) பெரும்பாலும் அப்படியே இருக்கும், புரோபஃபால் என்ற இன்னொரு மயக்க மருந்தில் ஆழமாகப் போனால் இருக்காது. வயிறு நிறைந்தவருக்கு நானும் ஆழமான புரோபஃபால் தரமாட்டேன்.

பள்ளத்தூர்: அப்ப காத்திருக்கிறது வீணா?

பதில்: காத்திருக்கக்கூடிய எலும்பென்றால் காத்திருங்கள். உங்கள் டாக்டர் சொல்வதும் அந்த எலும்பைத்தான்.

கோட்டையூர்: கெட்டமைன் கடையில கிடைக்குமா?

பதில்: ஷெட்யூல் எக்ஸ், அதாவது கடுமையான கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. சீட்டு இல்லாமல் கிடைக்காது, வீட்டு அளவும் சொல்லமாட்டேன்.

புதுவயல்: அந்த கெட்டமைன் ஊசியில புத்தி பேதலிக்குமா?

பதில்: இந்தக் கேள்வி வருவது மூன்றாவது முறை! தெளியும்போது சிலர் உளறுவார்கள். விளக்கைக் குறைத்து, சத்தமில்லாமல் விடுங்கள், அடங்கும்.

குன்றக்குடி: சாப்பிட்டு வந்தா...

பதில்: மேலே இருக்கிறது.

காரைக்குடி: தெளிஞ்சதும் பைக் ஓட்டலாமா?

பதில்: 24 மணி நேரம் கூடாது. கூட ஆள் இல்லாமல் வீட்டுக்கும் அனுப்பக்கூடாது.