மேவரிக்ஸ் சீசன் டிக்கெட்: 12 ஆட்டம் பார்க்க 43 ஆட்டத்துக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: டெக்சஸ் மாநிலம் இர்விங்கில் இருக்கிறோம். மகனுக்கு 11 வயது, கூடைப்பந்து என்றால் உயிர். டாலஸ் மேவரிக்ஸ் அணியின் சீசன் டிக்கெட் வாங்கலாமா என்று யோசிக்கிறோம். மேல்தளத்தில் இரண்டு இருக்கை. ப்ரீசீசன் (சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டம்) 2 சேர்த்து 43 ஆட்டம், ஓர் இருக்கைக்கு ஆட்டத்துக்குச் சராசரி 60 டாலர், மொத்தம் 5,160 டாலர். வட்டியில்லாத் தவணை உண்டு. எங்களால் 12 ஆட்டத்துக்குத்தான் போக முடியும். "மீதியை ஆன்லைனில் விற்றுவிடு, நீ பார்ப்பது ஓசியாகிவிடும்" என்கிறார் அலுவலக நண்பர். நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். சீசன் டிக்கெட் எடுக்கலாமா, அல்லது வேண்டும்போது மறுவிற்பனைத் தளத்தில் வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: இந்த ஆண்டு எடுக்க வேண்டாம். வேண்டிய 12 ஆட்டங்களை மறுவிற்பனையிலேயே வாங்குங்கள். உங்கள் நண்பரின் கணக்கு எங்கே உதைக்கிறது என்று பார்த்துவிட்டால், அடுத்த ஆண்டு என்ன செய்வது என்பதும் தெளிவாகிவிடும்.

43 டிக்கெட்டுக்கும் சராசரி விலை 60 டாலர்தான், ஆனால் மறுவிற்பனைச் சந்தையில் அவை 43 தனித்தனிச் சரக்கு. லேக்கர்ஸ் வரும் சனிக்கிழமை இரவும், தோற்றுக்கொண்டிருக்கும் ஓர் அணி வரும் செவ்வாய்க்கிழமையும் ஒன்றல்ல. பணம் வருவது ஏழெட்டுப் பெரிய ஆட்டங்களில். உங்கள் மகன் எவற்றைப் பார்க்க ஆசைப்படுவான்? அதே ஏழெட்டைத்தான். லேக்கர்ஸ், வாரியர்ஸ், ஸ்பர்ஸ் ஆட்டங்களுக்கு நீங்களே போய்விட்டால் கையில் மிஞ்சுவது யாருக்கும் அவசரமில்லாத டிக்கெட்டுகள். ஒரே டிக்கெட்டில் ஆட்டத்தையும் பார்த்து, அதை விற்ற காசையும் எடுக்க முடியாது. "ஓசியில் பார்க்கலாம்" என்பவர்கள் எல்லோரும் இந்த இடத்தைத்தான் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். கீழே உள்ள மறுவிற்பனை விலைகள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் பிரிவின் நிஜ விலையை இட்டு நீங்களே மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். பெரிய ஆட்டம் 7, நடுத்தரம் 14, சுமார் ரகம் 22 (ப்ரீசீசன் இரண்டும் இதில்தான்) என்று வைத்துக்கொள்வோம். விற்பனை விலை ஒரு டிக்கெட்டுக்கு முறையே 130, 60, 28 டாலர். விற்பவரிடம் தளம் பிடிக்கும் கட்டணம் 15 சதவீதம். வாங்குபவர் தலையில் விழும் கட்டணமும் சேர்ந்து அவர் கொடுப்பது 160, 75, 35.

நீங்கள் போகும் 12 ஆட்டங்களில் பெரியவை 5, நடுத்தரம் 5, சுமார் 2. விற்க மிஞ்சுவது பெரியவை 2, நடுத்தரம் 9, சுமார் 20. சுமார் ரகத்தில் நான்கில் ஒன்று விலைபோகாமலே கிடக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஜோடி ஜோடியாக விற்றால் 520, 1,080, 840 என்று 2,440 டாலர் வரும். கட்டணம் போகக் கையில் 2,074. ஆக, 12 ஆட்டம் பார்க்க உங்களுக்கான நிகரச் செலவு 3,086 டாலர். அதே 12 ஆட்டங்களை மறுவிற்பனையில் வாங்கினால் 1,600, 750, 140 சேர்த்து 2,490. சீசன் டிக்கெட் ஏறக்குறைய 600 டாலர் கூடுதல். இது சராசரியான ஆண்டுக்கு.

இதே விலைகளில் எத்தனை ஆட்டம் போனால் சமன் ஆகும்? விற்காமல் நீங்களே போகும் ஒவ்வொரு நடுத்தர ஆட்டத்துக்கும் 48 டாலரும், சுமார் ஆட்டத்துக்கு 34 டாலரும் உங்களுக்குச் சாதகமாகத் திரும்பும். மீதமுள்ள 9 நடுத்தர ஆட்டங்களுக்கும் போய், கூடவே 5 சுமார் ஆட்டங்களுக்கும் போனால்தான் அந்த 600 அடையும். மொத்தம் 26 ஆட்டம். அக்டோபர் கடைசி முதல் ஏப்ரல் பாதி வரை கிட்டத்தட்ட வாரம் ஒரு மாலை, பள்ளி நாட்கள் உட்பட. உங்களால் ஆகுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சராசரியான ஆண்டு கிடைக்காவிட்டால்? அணி சோபிக்காத ஆண்டில் விற்பனை விலை 90, 35, 12 என்று இறங்கி, சுமார் ஆட்டங்களில் பாதிதான் விற்கிறது என்றால் உங்கள் நிகரச் செலவு 4,115 டாலர். மறுவிற்பனையில் வாங்குபவருக்கோ கட்டணத்தோடு 110, 45, 16 என்று வைத்தால் அதே 12 ஆட்டத்துக்கு 1,614தான். வித்தியாசம் 2,500. அணி கொடிகட்டிப் பறந்து விலை 200, 100, 50 என்று ஏறி எல்லாமே விற்றுப்போனால் உங்கள் செலவு 1,250. வெளியில் வாங்கியவர் 3,900க்கு மேல் கொடுத்திருப்பார். ஆகவே சீசன் டிக்கெட் என்பது அணி எப்படி ஆடும் என்பதன்மேல் நீங்கள் கட்டும் பந்தயம். ஆட்ட அட்டவணை பொதுவாக ஆகஸ்டில்தான் வரும். நீங்கள் அதற்கு மாதங்கள் முன்பே பணம் கட்டியிருப்பீர்கள்.

இந்தப் பந்தயம் எவ்வளவு நிச்சயமற்றது என்பதை மேவரிக்ஸைவிட நன்றாகக் காட்டும் அணி இல்லை. 2024 ஜூனில் இறுதிச்சுற்று வரை போய் பாஸ்டனிடம் தோற்றது. 2025 பிப்ரவரி தொடக்கத்தில், ஒரே இரவில், தன் நட்சத்திர ஆட்டக்காரர் லூகா டான்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டது. மார்ச்சில் இன்னொரு முக்கிய ஆட்டக்காரர் கைரி இர்விங்குக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்த சீசனில் பிளேஆஃபுக்கே (சீசன் முடிவில் நடக்கும் வெளியேற்றுச் சுற்றுகள்) போகவில்லை. இருந்தும் அடுத்த சீசனின் டிக்கெட் விலையை அதே மார்ச்சில் அணி ஏற்றியது. மே மாதம், புது ஆட்டக்காரர்களை எந்த அணி முதலில் தேர்ந்தெடுப்பது என்று குலுக்கும் டிராஃப்ட் லாட்டரியில், 1.8 சதவீத வாய்ப்பே இருந்தும் முதலிடம் விழுந்து இளம் ஆட்டக்காரர் கூப்பர் ஃப்ளாக் வந்தார். இதில் எதையும் ரசிகர் யாரும் முன்கூட்டிக் கணித்திருக்க முடியாது. நல்ல ஆண்டின் லாபத்தை அடுத்த புதுப்பித்தலில் அணி விலையை ஏற்றி எடுத்துக்கொள்கிறது. மோசமான ஆண்டின் நஷ்டம் உங்களோடு நின்றுவிடும். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

சீசன் டிக்கெட்டுக்கு உண்மையான பலம் ஒன்று உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்: பிளேஆஃப் டிக்கெட்டை முதலில் வாங்கும் உரிமை. அணி முன்னேற முன்னேற வெளிச்சந்தை விலை கூடிக்கொண்டே போகும்போது உங்களுக்கு அணி நிர்ணயித்த விலையில் கிடைக்கும். அதற்கு அணி பிளேஆஃபுக்கு வர வேண்டும், அவ்வளவுதான். அரங்கக் கடையில் தள்ளுபடி, உறுப்பினர் விழா இதையெல்லாம் விற்பனைப் பிரதிநிதி அடுக்குவார். நீங்கள் எப்படியும் செலவழிக்கப்போகும் தொகையில் மிச்சமாவதை மட்டும் கணக்கில் சேருங்கள்.

விற்பதில் உள்ள வேலையையும் குறைத்து எண்ணாதீர்கள். 31 ஆட்டத்துக்கு விலை வைத்து, நாள் நெருங்க நெருங்க இறக்கிக்கொண்டே வர வேண்டும். ஒரே டிக்கெட்டை ஸ்டப்ஹப், சீட்கீக் என்ற இரண்டு மறுவிற்பனைத் தளங்களிலும் போட்டு, ஒன்றில் விற்றதும் மற்றதில் நீக்க மறந்தால், இரண்டாவது வாங்குபவருக்குக் கொடுக்க முடியாமல் தளம் உங்கள் அட்டையிலிருந்து அபராதம் எடுக்கும். பல தளங்களில் விற்ற பணம் ஆட்டம் முடிந்த பிறகுதான் வரும். உங்கள் தவணை அதற்குக் காத்திருக்காது. கிட்டத்தட்ட எல்லாவற்றையும் விற்கும் கணக்குகளைத் தரகர் கணக்கு என்று கருதிப் புதுப்பிக்க மறுக்கும் அணிகளும் உண்டு. ஒப்பந்தத்தில் இது பற்றிய வரியைத் தேடிப் படியுங்கள்.

அடுத்தது வரி. லாபத்துக்கு விற்ற டிக்கெட்டின் லாபம் வரிக்கு உட்பட்டது. சொந்த உபயோகத்துக்கு வாங்கியதை நஷ்டத்துக்கு விற்றால் அந்த நஷ்டத்தைக் கழிக்க முடியாது. மேலே உள்ள சராசரி ஆண்டில் பெரிய ஆட்ட டிக்கெட் 4 விற்றதில் ஒவ்வொன்றிலும் கட்டணம் போக 50.50 டாலர், மொத்தம் 202 டாலர் லாபம். நடுத்தர ஆட்டங்களிலும் சுமார் ஆட்டங்களிலும் விட்டதை இதில் கழிக்க முடியாது. ஒட்டுமொத்தமாக நஷ்டப்பட்டும் 202 டாலருக்கு வரி. 24 சதவீத அடுக்கில் இருந்தால் சுமார் 48 டாலர். அணிகள் பெரிய ஆட்டத்துக்கு அதிக விலையை ஒதுக்கியிருந்தால் லாபம் குறையும், அதனால் ஆட்டவாரி விலைப் பட்டியலை சீசன் தொடக்கத்திலேயே சேமித்து வையுங்கள். விற்ற தொகையை வரித்துறைக்குத் தெரிவிக்கும் 1099-கே படிவத்தைத் தளம் அனுப்பும் கூட்டாட்சி வரம்பு 2025 ஜூலைச் சட்டத்தால் மீண்டும் 20,000 டாலரும் 200 பரிவர்த்தனையும் தாண்டினால் என்று ஆகிவிட்டது. படிவம் வரவில்லை என்பதால் லாபம் வரியிலிருந்து தப்பாது. டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை; நியூஜெர்சி, மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்களில் இருப்பவர்களுக்குப் படிவ வரம்பே மிகக் குறைவு.

உங்கள் விசாவை நினைத்தால் எனக்கு இன்னும் தயக்கம். போக முடியாமல்போன ஓரிரு டிக்கெட்டை விற்பது வேறு. 43ல் 31ஐ விற்கத் திட்டமிட்டே வாங்குவது வேறு. லாப நோக்கில் தொடர்ந்து வாங்கி விற்பது தொழில் என்று பார்க்கப்பட்டால், எச்-1பியில் அனுமதியில்லாத வேலை என்ற கேள்வி எழலாம். குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்காமல் அந்த வழியில் இறங்க வேண்டாம். சில நூறு டாலருக்காகக் கிரீன் கார்டு வரிசையைப் பணயம் வைக்கக்கூடாது.

சரி, மறுவிற்பனையில் எப்படி வாங்குவது? 2,500 டாலரைத் தனியாக ஒதுக்குங்கள். 2025 மே 12 முதல் கூட்டாட்சி விதிப்படி எல்லாத் தளங்களும் கட்டாயக் கட்டணங்கள் சேர்ந்த முழு விலையை முதலிலேயே காட்ட வேண்டும். அதனால் ஸ்டப்ஹப், சீட்கீக், டிக்கெட்மாஸ்டர் மூன்றிலும் ஒரே பிரிவை நேரடியாக ஒப்பிடலாம். சுமார் ரக ஆட்டத்துக்கு முன்கூட்டி வாங்காதீர்கள். மூன்று நாள் முன்பும், ஆட்ட நாள் காலையிலும், ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பும் பாருங்கள்; ஆட்டம் தொடங்கிவிட்டால் விற்பவர் கையில் ஒன்றும் இராது என்பதால் விலை இறங்கிக்கொண்டே வரும். இர்விங்கிலிருந்து டார்ட் ஆரஞ்சு லைன் ரயில் உங்களை அரங்கத்தை ஒட்டிய விக்டரி நிலையத்தில் இறக்கிவிடும் என்பதால் கடைசி நேரம்வரை காத்திருக்கும் வசதி உங்களுக்கு உண்டு. பெரிய ஆட்டத்தில் இந்தக் காத்திருப்பு கைகொடுக்காமல் போகலாம். 2025 ஏப்ரலில் டான்சிச் லேக்கர்ஸ் சட்டையில் டாலஸுக்குத் திரும்பிய இரவு மாதிரி ஆட்டமென்றால், உங்கள் உச்சவிலையை முன்பே தீர்மானித்து, அதற்குள் வந்ததும் வாங்கிவிடுங்கள்.

வாட்ஸ்அப் குழுவிலோ ஃபேஸ்புக்கிலோ வரும் ஸ்க்ரீன்ஷாட்டுக்குப் பணம் அனுப்பாதீர்கள். இப்போது பல டிக்கெட்டுகளில் பார்கோடு சில விநாடிக்கொரு முறை மாறும். படம் வாசலில் செல்லாது. தெரிந்தவரிடம் வாங்கினாலும் டிக்கெட் உங்கள் செயலிக் கணக்குக்கு மாறிவந்த பிறகே ஸெல்லில் (வங்கிக் கணக்குக்கு உடனே பணம் அனுப்பும் செயலி) பணம் போடுங்கள். ஸெல்லில் போன பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

அடுத்த ஆண்டும் ஆசை குறையவில்லை என்றால் 10 அல்லது 20 ஆட்டங்கள் கொண்ட சிறு திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் பெரிய ஆட்டம் எத்தனை என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். அதைவிட நல்லது நான்கு குடும்பம் சேர்ந்து ஒரு ஜோடி இருக்கையைப் பகிர்வது. குடும்பத்துக்கு 1,290 டாலர், பத்துப் பதினோரு ஆட்டம். மேற்சொன்ன சராசரி ஆண்டில் வாங்குபவர் கொடுக்கும் விலையில் அவற்றின் சந்தை மதிப்பு 1,470. மோசமான ஆண்டிலும் இழப்பு 2,500க்குப் பதில் 400 சொச்சத்தில் நிற்கும், விற்கும் தலைவலியும் போகும். பெரிய ஆட்டம் உங்கள் பங்குக்கு இரண்டு கிடைப்பதே அதிகம், மற்றவற்றை வெளியில் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

பகிர்வதானால் அட்டவணை வந்த வாரமே உட்கார்ந்து 1-2-3-4, அப்புறம் 4-3-2-1 என்ற வரிசையில் ஆட்டங்களைத் தேர்ந்தெடுங்கள். கணக்கு ஒருவர் பெயரில்தான் இருக்கும், ஆகவே மற்ற மூவரின் முழுப் பணமும் முதல் தவணைக்கு முன்பே அவர் கையில் சேர வேண்டும். யாராவது ஜனவரியில் வேலை போய் ஊர் மாறினால் அவர் பங்கை யார் எடுப்பது, பிளேஆஃப் டிக்கெட் எந்த வரிசையில், புதுப்பிப்பதா வேண்டாமா என்பதை யார் முடிவு செய்வது, இந்த மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதி நால்வரும் கையெழுத்திடுங்கள். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு இருந்தால் விலகுவதற்கான கடைசித் தேதியைக் கணக்கு வைத்திருப்பவர் நாட்காட்டியில் இரண்டு வாரம் முன்னதாகவே குறித்துக்கொள்ளட்டும். அந்தத் தேதி தாண்டினால் அடுத்த சீசனின் முதல் தவணை அவர் அட்டையில் விழுந்துவிடும்.