உட்கார்ந்தாலே குற்ற உணர்ச்சி வருகிறது... இது நோயா?

கேள்வி: வயது 42. வேலை, வீடு என்று ஓடிக்கொண்டே இருக்கிறேன். சற்று உட்கார்ந்தால் நெஞ்சு படபடக்கிறது, ஏதோ தப்பு செய்வது போலிருக்கிறது. எழுந்து வேலையைத் தொட்டால் சரியாகிவிடுகிறது. விடுமுறை நாளில் தலைவலி. இடது இமை துடிக்கிறது. இணையத்தில் 'அட்ரீனல் சோர்வு' (ஓயாத அழுத்தத்தால் அட்ரீனல் சுரப்பி களைத்துவிடுவதாம்) என்று படித்தேன். மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலுக்குப் பரிசோதனை செய்யட்டுமா? தோழி கொடுத்த, பதற்றம் தணிக்கும் அல்பிரசோலம் மாத்திரையை மூன்று வாரமாக இரவில் போடுகிறேன். எனக்கு மனநோய் வந்துவிட்டதா, டாக்டர்?

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அப்படி பயப்பட வேண்டியதில்லை. ஓய்வெடுக்கும்போது பதற்றம் கூடுவது மருத்துவத்துக்குப் புதிதல்ல. 1983-லேயே ஆய்வாளர்கள் இதற்குத் தனிப் பெயர் வைத்து எழுதியிருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்திலேயே காரணமும் இருக்கிறது. உட்காருகிறீர்கள், 'துணி மடிக்கவில்லையே, மெயிலுக்குப் பதில் போடவில்லையே' என்று மனசு அரிக்கிறது. எழுகிறீர்கள், அரிப்பு அடங்குகிறது. அந்த நிம்மதிதான் சிக்கல். எழுந்ததால்தான் தப்பித்தோம் என்று மூளை கற்றுக்கொண்டு, அடுத்த முறை இன்னும் சீக்கிரமாகவே உங்களைக் கிளப்பிவிடுகிறது. பதற்றம் உச்சத்துக்குப் போய்த் தானாகவே இறங்குவதை நீங்கள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

மற்றவற்றை முடித்துவிடுவோம். இமைத் துடிப்பு தூக்கக் குறைவாலும் காபியாலும் வருவது. கண் முழுதாக மூடிக்கொண்டாலோ, கன்னம் வரை பரவினாலோ மட்டும் காட்டுங்கள். வழக்கமான காபி விடுமுறையில் தள்ளிப்போவதே பல சமயம் அந்தத் தலைவலிக்குக் காரணம். படபடப்பின்போது மணிக்கட்டில் நாடி பிடித்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 60 முதல் 100-க்குள் சீராக இருந்தால் கவலை வேண்டாம். நடக்கையில் நெஞ்சு அழுத்தினாலோ மயக்கம் வந்தாலோ தாமதிக்காமல் ஈ.சி.ஜி. எடுங்கள். 'அட்ரீனல் சோர்வு' என்று ஒரு நோய் மருத்துவத்தில் இல்லை. கார்டிசால் காலையில் ஏறி இரவில் இறங்குவது. ஏதோ ஒரு வேளையில் எடுத்த அளவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அந்தப் பணத்துக்கு ஹீமோகுளோபினும் தைராய்டும் பாருங்கள்.

இனி பயிற்சி. தினமும் பத்து நிமிடம், பிற்பகலில், ஒரே நேரத்தில். 'வேலை முடிந்த பிறகு' என்று வைக்காதீர்கள், வேலை முடியாது. இரவுப் படுக்கையிலும் வேண்டாம். தூங்கியாக வேண்டுமே என்ற பதற்றம் வேறு சேரும். டைமரை வைத்துவிட்டு கைபேசியை எட்டாத தூரத்தில் வையுங்கள். அதை உருட்டிக்கொண்டிருப்பது ஓய்வு ஆகாது. வலது கையை ஐந்து விநாடி இறுக்கி மூடி, சட்டென்று விட்டு, இருபது விநாடி தளர விடுங்கள். பிறகு இடது கை, தோள், தாடை, கால். மூச்சை மூக்கு வழியாக நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். பலர் தவறுவது இங்கேதான்: 'ஆழ்ந்த மூச்சு' என்று நெஞ்சு முட்ட இழுக்கிறார்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, விரல் நுனி மரத்து, தலை சுற்றும். பிறகு அதற்கும் ஒரு பயம். சாதாரண அளவு மூச்சே போதும், வெளிவிடுவது நீளட்டும்.

ஏதாவது வேலை நினைவுக்கு வந்தால் பக்கத்தில் உள்ள தாளில் ஒரே சொல்லில் குறித்துவிட்டு உட்கார்ந்தே இருங்கள். இடையில் அரிப்பு ஏறும். டைமர் அடிக்கும்வரை எழாதிருப்பதுதான் இங்கே சிகிச்சை. பத்து நிமிடம் முடியாதென்றால் மூன்றில் தொடங்குங்கள், ஆனால் மூன்றையும் முடியுங்கள். முதல் சில நாள் மோசமாகவே இருக்கும்.

மாத்திரை விஷயத்தில் எனக்குக் கோபம்தான். தோழிக்கு எழுதிய சீட்டு உங்களுக்கானது அல்ல. அல்பிரசோலம் சில வாரங்களிலேயே உடலைப் பழக்கிவிடும். அதற்காக இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள்; திடீரென விட்டால் தூக்கம் போகும், பதற்றம் இரட்டிப்பாகும், அரிதாக வலிப்பும் வரலாம். இந்த வாரமே மருத்துவரிடம் அளவைச் சொல்லி, அவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறையுங்கள்.

மனதைப் பொறுத்தவரை நீங்கள் முக்கியமாகக் கண்காணிக்க வேண்டியது ஒன்று. இப்போது எழுந்து வேலை செய்தால் உங்கள் குற்ற உணர்ச்சி போய்விடுகிறது. என்ன செய்தும் போகாமல், 'நானே வீண், எல்லோருக்கும் பாரம்' என்று மாறினால் அது வேறு விஷயம். முன்பு பிடித்த பாட்டும் பேச்சும் சாப்பாடும் ருசிக்காமல், விடியுமுன்பே விழிப்பு வந்து, கிட்டத்தட்ட தினமும் இரண்டு வாரம் இப்படியே போனால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மேலே சொன்ன பயிற்சி அதற்குப் போதாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். ஆலோசனையாலும் மருந்தாலும் நன்றாகக் குணமாகக்கூடியது. உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப்பார்த்தாலும் இரண்டு வாரக் கணக்கெல்லாம் வேண்டாம். தனியாக இருக்காமல் யாரையாவது கூட்டிக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டில் இருக்கும் மாத்திரைகளையும் கூட வருபவரிடம் கொடுத்துவிடுங்கள்.