16 மாதம் ஆகிறது, இன்னும் நடக்கவில்லை

கேள்வி: வணக்கம் டாக்டர். என் பையனுக்கு 16 மாதம் முடிந்துவிட்டது. இன்னும் தனியாக ஓர் எட்டுக்கூட வைக்கவில்லை. 35ஆவது வாரத்திலேயே பிறந்தவன். எடை குறைவு என்று ஒரு வாரம் இன்குபேட்டரில் வைத்திருந்தார்கள். முட்டி போட்டுத் தவழவே இல்லை. உட்கார்ந்தபடியே, ஒரு கையைத் தரையில் ஊன்றி வீடு முழுக்கச் சர்ரென்று நகர்கிறான். தூக்கி நிறுத்தினால் காலைத் தரையில் வைக்காமல் மடக்கிக்கொள்வான். இந்த ஒரு மாதமாகத்தான் கட்டிலைப் பிடித்து எழுந்து நிற்கிறான். நாத்தனார் மகள் 11 மாதத்திலேயே ஓடினாள். “உன் புருஷனும் ஒன்றரை வயசுக்கு மேலதான் நடந்தான், பேசாம இரு” என்கிறார் மாமியார். எட்டு மாதத்தில் வாக்கர் வாங்கி தினமும் உட்கார வைத்தோம், பலன் இல்லை. மருந்துக் கடையில் கால்சியம் டானிக்கும் வைட்டமின் டி சொட்டு மருந்தும் கொடுத்தார்கள், கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அம்மா, தாத்தா, பூ, வா என்று நன்றாகப் பேசுகிறான். மூளையில் பிரச்சினை இருக்குமா? ஸ்கேன் எடுத்துவிடலாமா? நான் வேலைக்குப் போவதால் கவனிப்புக் குறைந்துதான் இப்படியா?

பதில்: முதலில் வயதைச் சரிசெய்துகொள்வோம். உங்கள் பையன் ஐந்து வாரம் முந்திப் பிறந்தவன். இரண்டு வயது வரைக்கும் இப்படிப்பட்ட குழந்தைகளின் வளர்ச்சியைப் பிறந்த தேதியிலிருந்து கணக்கிடக் கூடாது. டாக்டர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்துதான் கணக்கிட வேண்டும். அப்படிப் பார்த்தால் அவனுக்கு இன்னும் 15 மாதம்கூட நிறையவில்லை. நாத்தனார் மகளோடு ஒப்பிடும்போது இந்த ஐந்து வாரத்தை யாரும் கழிப்பதில்லை.

அடுத்தது, எப்போது நடக்க வேண்டும் என்பது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளை மாதாமாதம் கவனித்து, 2006இல் ஒரு கணக்கை வெளியிட்டது. தனியாக நடந்த சராசரி வயது 12 மாதத்தை ஒட்டி வருகிறது. ஆனால் அதே குழந்தைகளில் சீக்கிரம் நடந்தவர்கள் எட்டு மாதத்திலும், கடைசியாக நடந்தவர்கள் பதினேழரை மாதத்திலும் நடந்திருக்கிறார்கள். எல்லோரும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த குழந்தைகள்தான். நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள்கூட குழந்தையை “வருக வருக” என்று நடந்துவர அழைக்கும் வருகைப் பருவத்தை 13ஆம் மாதத்தில்தான் வைத்தார்கள். சராசரியை நன்றாகவே கணித்திருக்கிறார்கள். பிரச்சினை என்னவென்றால், நாம் சராசரியைக் கெடு தேதி ஆக்கிவிடுகிறோம். முதல் பிறந்த நாளுக்கு கேக் வெட்டிய மறுநாளே “இன்னும் நடக்கலையா?” என்று விசாரணை ஆரம்பித்துவிடுகிறது.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. தவழவில்லை, உட்கார்ந்தே நகர்கிறான், நிறுத்தினால் காலை மடக்குகிறான் என்ற மூன்று விஷயங்களும் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டவை. சில குழந்தைகளுக்குக் குப்புறப் படுப்பதே பிடிக்காது. படுக்கவைத்தால் சிணுங்கும். அதனால் தவழும் கட்டத்தைத் தாண்டிவிட்டு, உட்கார்ந்த வாக்கிலேயே பின்புறத்தால் தேய்த்து நகரப் பழகிக்கொள்ளும். இந்தக் குழந்தைகளை அக்குளில் பிடித்துத் தூக்கி மெல்லத் தரையை நோக்கி இறக்கிப் பாருங்கள். மற்ற குழந்தைகள் காலை நீட்டித் தரையைத் தேடும். இவர்கள் இடுப்பை மடக்கி, காலை முன்பக்கமாக நீட்டி, கண்ணுக்குத் தெரியாத நாற்காலியில் உட்கார்ந்ததுபோல அந்தரத்தில் இருப்பார்கள். பார்க்கிறவர்களுக்குக் காலில் பலமே இல்லையோ என்று தோன்றும். ஆனால் அதே கால் அடுத்த நிமிடம் அவர்களைச் சமையலறை வரை இழுத்துக்கொண்டு போகும்.

இப்படி நகரும் குழந்தைகள் தாமதமாகத்தான் நடப்பார்கள். ஒன்றரை வயதைத் தாண்டி, சிலர் இரண்டு வயதை ஒட்டிக்கூட நடப்பார்கள். வேறு கோளாறு எதுவும் இல்லாவிட்டால், நடக்க ஆரம்பித்த பிறகு மற்றவர்களைப் போலவே ஒரு குறையும் இல்லாமல் ஓடுவார்கள். இது பெரும்பாலும் குடும்பத்தில் வருவது. ஆகவே மாமியார் சொன்னதைத் தட்டிவிடாதீர்கள். உங்களைச் சமாதானப்படுத்தச் சொல்லியிருக்கலாம், ஆனால் எனக்கு அது நோய்க் குறிப்பில் எழுத வேண்டிய தகவல். இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: “அவர் தவழ்ந்தாரா, இல்லை இவனை மாதிரியே உட்கார்ந்து நகர்ந்தாரா?” ஆமாம், உட்கார்ந்துதான் நகர்ந்தான் என்று அவர் சொன்னால் எனக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

மீதிப் பாதிக்கு நேரில் பார்க்க வேண்டும். அவன் ஒரு கையை ஊன்றி நகர்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். எப்போதும் அதே கைதானா, மாற்றி மாற்றியா? இரண்டு நாள் உட்கார்ந்து பாருங்கள். பொம்மையை வலப்பக்கம் வைத்தால் வலது கையாலும், இடப்பக்கம் வைத்தால் இடது கையாலும் எடுக்கிறானா? ஒரு கை எப்போதும் முஷ்டி மடக்கியபடியே இருக்கிறதா? நகரும்போது ஒரு கால் மட்டும் பின்தங்கி இழுபடுகிறதா? ஒன்றரை வயதுக்குள் ஒரு குழந்தை இந்தக் கைதான் என்று தீர்மானமாகப் பழகிவிட்டால் அது வலக்கை, இடக்கைப் பழக்கம் என்று நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை. மறு பக்கத்தில் பலம் குறைவாக இருக்கிறதா என்று பார்ப்போம். குறைமாதக் குழந்தைகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

நேரில் போனால் டாக்டர் என்ன செய்வார்? பெரிதாகக் கருவி எதுவும் வேண்டாம். அவனை வயிற்றில் பிடித்து, சட்டென்று தலை முன்னால் சாயும்படி மேசையை நோக்கி இறக்குவார். விழப்போகிறோம் என்று இரண்டு கையும் ஒரே மாதிரி முன்னால் நீள வேண்டும். கணுக்காலை மடக்கிப் பார்த்து இறுக்கம் இருக்கிறதா என்று கவனிப்பார். தொடை மடிப்புகள், காலின் நீளம் இரு பக்கமும் சமமா, தொடை இரண்டும் பக்கவாட்டில் நன்றாக விரிகிறதா என்று பார்ப்பார்; டயபர் மாற்றும்போது ஒரு தொடை மட்டும் விரிய மறுக்கிறதா என்று நீங்களே கவனிக்கலாம். பிறவியிலேயே இடுப்பு மூட்டு விலகியிருந்தால் அப்படித் தெரியும். அப்புறம் தலைச் சுற்றளவு, முதுகுத்தண்டின் அடிப்பகுதி, உச்சிக்குழி மூடியிருக்கிறதா, மணிக்கட்டு எலும்பு புடைத்திருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார். பத்துப் பதினைந்து நிமிட வேலை.

இதையெல்லாம் எப்போது செய்வது? பிடித்து நிற்பதற்கே அவன் கொஞ்சம் தாமதித்திருப்பதால், ஒருமுறை இப்போதே காட்டிவிடுங்கள். 16 மாதம் முடிந்ததும் டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி) பூஸ்டரும் எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) இரண்டாம் ஊசியும் எப்படியும் போட வேண்டும். அன்றைக்கு ஊசியை மட்டும் போட்டுக்கொண்டு திரும்பிவிடாமல், “இவன் இன்னும் நடக்கவில்லை, பரிசோதித்துப் பாருங்கள்” என்று வாயைத் திறந்து கேளுங்கள். ஊசி போடுவதற்கு முன்பே காட்டுங்கள். போட்ட பிறகு அழுகிற குழந்தையை யாராலும் ஒழுங்காகப் பரிசோதிக்க முடியாது.

அந்தப் பரிசோதனையில் குறை எதுவும் தெரியவில்லை என்றால் நிம்மதியாகக் காத்திருக்கலாம். ஆனால் காத்திருப்பதற்கு ஓர் எல்லை உண்டு. ஐந்து வாரம் கழித்த கணக்கில் 18 மாதம் நிறையும் நாளை, அதாவது பிறந்த கணக்கில் 19 மாதமும் ஒரு வாரமும் ஆகும் நாளை, காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். அதற்குள் நடக்கவில்லை என்றால் மறுபடி போக வேண்டும். அப்போது ரத்தப் பரிசோதனைகளும் தேவைப்படும். பையன் என்பதால் அதில், தசை சிதைகிறதா என்று காட்டும் சி.பி.கே. என்ற பரிசோதனை கட்டாயம் இருக்க வேண்டும். ஆண் குழந்தைகளுக்கு வரும் டூஷென் எனும் தசைச் சிதைவு நோய் அபூர்வம்தான், ஆனால் அதன் முதல் அடையாளம் பல நேரம் தாமதமான நடைதான். செலவு குறைந்த ஒரு ரத்தப் பரிசோதனையிலேயே சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம் என்னும்போது அதைத் தள்ளிப்போட எந்தக் காரணமும் இல்லை. தைராய்டு, ரத்தசோகை ஆகியவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

சில அடையாளங்கள் தெரிந்தால் அந்தத் தேதிவரைகூடக் காத்திருக்கக் கூடாது. முன்பு செய்துகொண்டிருந்ததை இப்போது செய்யாமல் விடுவது, காலை விறைப்பாக நீட்டிக் கத்தரிபோல ஒன்றன்மேல் ஒன்று போடுவது, எப்போதும் நுனிக்காலில் மட்டுமே நிற்பது, தூக்கும்போது துணி மாதிரித் துவண்டு கையிலிருந்து நழுவுவது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வாரமே போய்விடுங்கள்.

மூளை ஸ்கேன் இப்போது வேண்டாம். எம்.ஆர்.ஐ. எடுக்க இந்த வயதில் மருந்து கொடுத்துத் தூங்கவைக்க வேண்டும். கை, கால் விறைப்போ வேறு அடையாளமோ இல்லாமல், வீட்டில் உள்ளவர்களின் பயத்துக்காக மட்டும் அதைச் செய்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பேசுகிறான், ஆளைத் தெரிகிறது, நினைத்த இடத்துக்கு நகர்ந்து போகிறான் என்பதெல்லாம் நல்ல அறிகுறிகள். தாமதமாக நடந்தால் புத்தியும் மந்தமாக இருக்கும் என்று சொல்கிறவர்களையும் நம்ப வேண்டாம். சுவிட்சர்லாந்தில் 200க்கும் மேற்பட்ட ஆரோக்கியமான குழந்தைகளைப் பதின்பருவம் வரை தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியான ஆய்வில், நடக்க ஆரம்பித்த வயதுக்கும் பிற்கால அறிவுத்திறனுக்கும் சம்பந்தம் தெரியவில்லை.

டானிக் விஷயத்துக்கு வருகிறேன். வைட்டமின் டி குறைந்து ரிக்கெட்ஸ் வந்தால் நடை தாமதமாகும், உண்மைதான். அப்போது மணிக்கட்டு புடைக்கும், கால் வளையும், பல் முளைக்கத் தாமதமாகும். அதற்கான மருந்து, அளவு, காலம் எல்லாமே வேறு. டாக்டர்தான் சொல்ல வேண்டும். குறைபாடே இல்லாத குழந்தைக்குக் கால்சியம் ஊற்றுவதால் கால் சீக்கிரம் ஓடாது, மலச்சிக்கல்தான் வரும். நீங்கள் கொடுக்கும் சொட்டு மருந்துப் பாட்டிலின் லேபிளை இன்றே படியுங்கள். ஒரு மில்லியில் 400 யூனிட் உள்ளதும் இருக்கிறது, 800 யூனிட் உள்ளதும் இருக்கிறது. பாட்டிலை மாற்றியதும் அதே அளவை ஊற்றினால் டோஸ் இரட்டிப்பாகிவிடும். பெரியவர்களுக்குத் தரும் 60,000 யூனிட் பவுடரை மட்டும் யார் சொன்னாலும் நீங்களாகக் கொடுக்கவே கூடாது. வைட்டமின் டி அளவு மீறினால் வாந்தி, சோர்வு, சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். அதைவிட, ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் பால் குடிக்கிறான் என்று பாருங்கள். அரை லிட்டருக்கு மேல் போனால் சாப்பாடு இறங்காது, இரும்புச்சத்து குறையும், குழந்தை சோர்ந்துபோகும்.

வாக்கரை எடுத்து ஓரம் கட்டுங்கள். யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். அதில் உட்கார்ந்த குழந்தை நுனிக்காலால் தள்ளிக்கொண்டு போகிறது. உடம்பின் பாரத்தைத் தாங்கவோ, விழாமல் சமாளிக்கவோ அதற்குத் தேவையே வருவதில்லை. தவிர அடுப்பு, சூடான குழம்புப் பாத்திரம், மாடிப்படி என்று கைக்கு எட்டாத இடத்துக்கெல்லாம் நொடியில் போய்விடும். கனடாவில் 2004 முதல் அதை விற்கவே தடை. நம் பழைய மர நடைவண்டி பரவாயில்லை, அதில் குழந்தை தன் காலில் நின்றுதான் தள்ள வேண்டும். ஆனால் பிடித்துக்கொண்டு நன்றாக நடக்க ஆரம்பித்த பிறகு, பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும். வழுக்கும் டைல்ஸ் தரையில் வேண்டாம். சில ஊர்களில் மணலில் குழி தோண்டி இடுப்பளவு நிறுத்தி வைப்பார்கள், அது தேவையில்லை. எண்ணெய் தேய்த்து இதமாக நீவுவது நல்லது, மூட்டைச் சுளுக்கெடுப்பதுபோல இழுக்க மட்டும் விடாதீர்கள்.

இப்போது அவனுக்குத் தேவை நிற்பதற்கு ஒரு காரணம். உட்கார்ந்து நகர்ந்தாலே எல்லாம் கைக்கு வந்துவிடுகிறது, அப்புறம் எதற்கு எழுந்திருக்க வேண்டும்? பிடித்த பொம்மையையோ சாவிக் கொத்தையோ தரையில் வைக்காமல் கட்டில்மேல் வையுங்கள். எழுந்து நின்றதும் அதை ஒரு முழம் தள்ளி வையுங்கள். பிடித்துக்கொண்டே பக்கவாட்டில் இரண்டு எட்டு வைப்பான். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் இடையே ஒரு கை தூர இடைவெளி விட்டால் ஒரு நாள் அதைத் தாண்டுவான். உங்கள் மடியிலோ சின்ன ஸ்டூலிலோ உட்காரவைத்து, பாதம் தரையில் பதிய, அங்கிருந்து எழுந்து நிற்கப் பழக்குங்கள். உட்கார்ந்து நகரும் குழந்தைகளுக்கு இது நன்றாக ஒத்துவரும். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து நடத்த வேண்டாம், இடுப்பில் பிடியுங்கள். வீட்டுக்குள் செருப்பு, ஷூ வேண்டாம், வெறுங்கால்தான் நல்லது. விழுந்தால் எல்லோரும் ஓடிவந்து கூச்சல் போடாதீர்கள். நடை பழகும் குழந்தைகளை நியூயார்க்கில் கவனித்துப் பார்த்தபோது ஒரு மணி நேரத்தில் சராசரியாக 17 முறை விழுந்தார்கள். அப்படித்தான் எல்லோரும் கற்றுக்கொள்கிறார்கள்.

வேலைக்குப் போவதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பகலில் யார் பார்த்துக்கொண்டாலும் அவர்களிடம் ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: பாசத்தில் இடுப்பிலேயே வைத்துச் சுமக்காமல் தரையில் விட வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் போங்கள். பிறந்ததும் அழுதானா, மஞ்சள் காமாலைக்கு லைட் வைத்தார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். இன்னொன்று, புது இடத்தில் அவன் உங்கள் தோளை விட்டு இறங்கவே மாட்டான். அதனால் வீட்டில் நகர்வதையும் கட்டிலைப் பிடித்து எழுவதையும் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். முன்பக்கத்திலிருந்து ஒன்று, பக்கவாட்டிலிருந்து ஒன்று, டயபர் மட்டும் போட்டு, வெளிச்சத்தில். பிசியோதெரபி தேவை என்று சொன்னால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். வளர்ச்சி தாமதமாகும் குழந்தைகளுக்கென்றே குழந்தை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட் எல்லோரும் ஒரே இடத்தில் பார்க்கும் மையம் அது, கட்டணம் கிடையாது.