படகின் அடியில் த்ரூ-ஹல் பொருத்து: நாமே மாற்றலாமா?

கேள்வி: என் பைபர் வல்லத்தில், உள்ளே பொருத்திய டீசல் எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீர் எடுக்கும் த்ரூ-ஹல் பொருத்து (படகின் அடியைத் துளைத்துப் பூட்டும் குழாய்த்துண்டு) கசிகிறது. அதைக் கழற்றி, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பித்தளைப் பொருத்தையும் வால்வையும் போட்டுச் சுற்றிலும் சிலிக்கான் பூசினால் போதுமா?
– வாசகர், தொண்டி

பதில்: வேலையை நீங்களே செய்யலாம், ஆனால் பித்தளையும் சிலிக்கானும் வேண்டாம். சாதாரணப் பித்தளையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் துத்தநாகம் இருக்கிறது. கடல்நீர் அந்தத் துத்தநாகத்தை மட்டும் அரித்து எடுத்துவிட, எஞ்சுவது வடிவம் மாறாத, ஆனால் வலுவற்ற செம்பு. இப்போது கழற்றப்போகும் பொருத்தைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். மஞ்சளுக்குப் பதிலாக இளஞ்சிவப்பு தெரிந்தால் அரிப்பு உள்ளே இறங்கிவிட்டது என்று பொருள். படகுக்கென்றே வார்த்த வெண்கலம் அல்லது கண்ணாடி இழை கலந்த நைலான் பொருத்தை வாங்குங்கள். வீட்டுக் குழாய்க்கான பிவிசி நீர்மட்டத்துக்குக் கீழே கூடவே கூடாது.

இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நீர்மட்டத்திலிருந்து ஓர் அடி ஆழத்தில் ஓர் அங்குலத் துளை திறந்துகொண்டால், நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே வரும். ஒரு மணி நேரத்தில் அது இரண்டு டன்னைத் தாண்டிவிடும்.

வல்லத்தைக் கரையேற்றிப் பழைய பொருத்தை எடுத்ததும், துளையின் விளிம்பை நன்றாகப் பாருங்கள். பைபர் அடுக்குகளுக்கு நடுவே ஒட்டுப்பலகை இருந்து அது கறுத்து ஈரமாக இருந்தால், கசிவுக்குக் காரணம் பொருத்து மட்டுமல்ல. கெட்ட பலகையைச் சுற்றிலும் தோண்டி எடுத்து, முழுவதும் உலரவிட்டு, அந்த இடைவெளியைக் கெட்டியாகக் கலந்த எபாக்ஸியால் (இரு பாகங்களைக் கலந்து இறுகவைக்கும் பிசின்) நிரப்புங்கள். வழக்கமான பாலியஸ்டர் ரெசினைவிட எபாக்ஸி பழைய பைபரை இறுகப் பற்றும். அது இறுகிய பிறகு, பொருத்தின் தண்டு நுழையும் அளவுக்குத் துளையிடுங்கள்.

அடுத்து, பலரும் விட்டுவிடுகிற உள்தாங்கு பலகை. பொருத்தின் தலையைவிட, அதாவது படகின் வெளிப்பக்கம் படியும் அகன்ற விளிம்பைவிட, இரண்டு மடங்கு அகலமுள்ள கெட்டியான பைபர் தகட்டை, அடிப்பகுதியின் வளைவுக்கு ஏற்ப எபாக்ஸியில் பதித்து உள்ளே ஒட்டுங்கள். படகின் அடி வளைந்திருப்பதால், இந்தப் பலகை இல்லாமல் நட்டை இறுக்கினால் அது ஒரு பக்கம் மட்டுமே அழுத்தும். பொருத்தும் வால்வும் சேர்ந்து 500 பவுண்டு, அதாவது சுமார் 227 கிலோ விசையை 30 விநாடி தாங்க வேண்டும் என்பது அமெரிக்கப் படகுத் தர அமைப்பான ஏபிஒய்சியின் விதி. ஆடும் படகில் ஓர் ஆள் தடுமாறி வால்வின் மீது விழுந்தாலும் அது முறியக் கூடாதல்லவா?

பசை பூசுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை வெறுமனே பூட்டிப் பாருங்கள். பொருத்தின் மரை நேராகவும் வால்வின் மரை கூம்பாகவும் இருந்தால், இரண்டு மூன்று சுற்றிலேயே இறுகி, முழுப் பிடிப்பும் இல்லாமல் நின்றுவிடும். அப்படிப்பட்ட ஜோடியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு நீருக்கடியில் பயன்படும் பாலியூரிதேன் பசையைத் தலையின் அடியிலும் தண்டிலும் தாராளமாகத் தடவி, வெளியே ஒருவர் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள, உள்ளே நட்டை மட்டும் திருப்புங்கள். விளிம்பு முழுவதும் பசை பிதுங்கியதும் நிறுத்துங்கள். மேலும் இறுக்கினால் பசை எல்லாம் வெளியேறிவிடும்.

டப்பாவில் குறித்துள்ள காலம் வரை உலரவிட்டு, ஹோஸுக்கு இரண்டு துருப்பிடிக்காத கிளிப்புகளைப் போட்டு, வால்வை மூடிய நிலையில் கடலில் இறக்குங்கள். முதலில் உள்தாங்கு பலகையைச் சுற்றி உலர்ந்த துணியால் ஒற்றிப் பாருங்கள். பிறகு வால்வைத் திறந்து ஹோஸ் இணைப்பையும் அதேபோல் சோதியுங்கள். அன்று இரவு வல்லத்தை ஆழத்தில் நங்கூரமிட்டு விடாமல், தரை தட்டும் இடத்தில் கட்டிவைத்து, காலையில் மறுபடி பாருங்கள்.