செய்தி பிடிக்கும் என்பதற்காக இந்தப் படிப்பா?

கேள்வி: பள்ளி இறுதி ஆண்டில் இருக்கிறேன். எங்கே போர் மூண்டாலும், எங்கே ஆட்சி கவிழ்ந்தாலும் விடிய விடிய உட்கார்ந்து செய்தி பார்ப்பேன். பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள் படிக்க ஆசை. “செய்தி பார்க்கிறதுக்கு எதுக்குப் பட்டம்?” என்கிறார் அப்பா. இதைப் படித்தால் வேலை கிடைக்காது என்பது சித்தப்பாவின் கட்சி. முதலில் அரசியல் அறிவியல் படி, மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்கிறார் ஆசிரியை. எனக்குக் கணக்கு சுத்தமாக வராது. அதனாலும் இதுதான் எனக்குச் சரி என்று நினைக்கிறேன். கூடவே ஒரு மொழி எடுக்க வேண்டுமாம். பிரெஞ்சா, சீனமா? வழி சொல்லுங்கள்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அப்பா கேட்டது நல்ல கேள்வி. கோபப்படாதீர்கள். செய்தி பார்க்கப் பட்டம் வேண்டாம்தான். செய்தி பிடிக்கும் என்பது மட்டுமே காரணமாக இருந்தால், இந்தப் படிப்பும் உங்களுக்கு வேண்டாம் என்பேன்.

முதலாண்டில் முகம் வாடி உட்கார்ந்திருப்பவர்களில் பலர் செய்திப் பிரியர்கள். நேற்று விழுந்த ஏவுகணையைப் பற்றிப் பேசலாம் என்று வகுப்புக்கு வருவார்கள். ஆசிரியரோ 1651-இல் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஹாப்ஸ் எழுதியதை எடுத்து வைத்துக்கொண்டு, எல்லோரையும் கட்டுப்படுத்த மேலே ஓர் அதிகாரம் இல்லாவிட்டால் மனிதர்கள் ஒருவரையொருவர் எப்படி நடத்துவார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பார். இதற்கும் ஏவுகணைக்கும் என்ன சம்பந்தம்? நாடுகளுக்கு மேலே அப்படி ஓர் அதிகாரம் இன்றுவரை இல்லை. ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் 15 உறுப்பினர்கள். அதில் நிரந்தர உறுப்பினர்களான 5 நாடுகளில் ஒன்று வீட்டோ என்ற தடுப்புரிமையைப் பயன்படுத்தினால் தீர்மானம் அங்கேயே விழுந்துவிடும். தட்டிக் கேட்க ஆளில்லாத இடத்தில் நாடுகள் பெரும்பாலான நாட்களில் ஏன் சண்டையில்லாமல் இருக்கின்றன, சில நாட்களில் ஏன் அடித்துக்கொள்கின்றன என்பதுதான் சர்வதேச உறவுகள் என்ற துறையின் மையமான புதிர். அந்த இடத்துக்கு வந்து சேர நிறையப் பழைய பக்கங்களைப் புரட்ட வேண்டும். உங்களுக்குப் பிடித்த போர் இரண்டாம் ஆண்டில்தான் வரும். வராமலே போகவும் கூடும்.

நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை சொல்கிறேன். 1962 அக்டோபரில், கியூபாவில் சோவியத் யூனியன் அணு ஏவுகணைத் தளங்கள் கட்டுவதை அமெரிக்க உளவு விமானம் படம் பிடித்தது. அமெரிக்க அதிபர் கென்னடி கடற்படையை விட்டுக் கப்பல்களை மறித்தார். அக்டோபர் 28-இல், ஏவுகணைகளைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சோவியத் தலைவர் குருஷேவ் அறிவித்தார். செய்தி என்று பார்த்தால் இவ்வளவுதான்.

இப்போது ஒரு சின்ன விவரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த ஏவுகணைகளைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தபோது சோவியத் தரப்பு பரம ரகசியம் காத்தது. தரையில் இறக்கிய பிறகோ, வானத்திலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும்படி தளங்களைக் கட்டியது. அவ்வளவு பாடுபட்டு மறைத்தவர்கள் கடைசியில் ஏன் மறைக்கவில்லை? நாட்டை ஒரே மூளையுள்ள ஆளாக நினைத்தால், ‘அமெரிக்கா பார்க்கட்டும் என்றே விட்டார்கள்’ என்று ஒரு விடை சொல்லலாம். அமெரிக்க அரசியல் அறிஞர் கிரஹாம் அல்லிசன் 1971-இல் வெளியிட்ட ஆய்வில் வேறொரு விடையை முன்வைத்தார். தளம் கட்டிய படைப்பிரிவுகள் தங்கள் நாட்டில் எப்படிக் கட்டிப் பழகியிருந்தனவோ, அப்படியே இங்கேயும் கட்டின. சொந்த மண்ணில் மறைத்துக் கட்ட வேண்டிய தேவை அவற்றுக்கு இருந்ததில்லை. அதாவது, முடிவெடுத்தவர் ஒருவர். செய்து முடித்தது தன் பழக்கத்தை விடாத ஓர் அமைப்பு. அமெரிக்கப் பக்கத்தைப் பார்க்க அல்லிசன் மூன்றாவது கண்ணாடி ஒன்றும் வைத்திருந்தார். ராணுவத் தளபதிகள் குண்டு போடச் சொன்னார்கள். வேறு சிலர் பேசிப் பார்க்கலாம் என்றார்கள். அந்த இழுபறியில் கடைசியாகக் கரை ஒதுங்கிய முடிவுதான் கடல் மறிப்பு என்றார்.

கதை அதோடு முடியவில்லை. துருக்கியில் அமெரிக்கா வைத்திருந்த ஜுபிட்டர் ஏவுகணைகளை விலக்கிக்கொள்வதாகக் கென்னடி தரப்பு கமுக்கமாக வாக்குக் கொடுத்திருந்தது. அது பல ஆண்டுகள் வெளியே தெரியாது. ‘உறுதியாக நின்றால் எதிரி பணிவான்’ என்று ஒரு தலைமுறையே இந்த நெருக்கடியிலிருந்து பாடம் படித்திருந்தது. பேரம் வெளிவந்தபோது பாடமும் மாறிப் போயிற்று. அந்த நாட்களின் கூட்டங்களைப் பதிவு செய்த வெள்ளை மாளிகை ஒலிநாடாக்கள் பொதுவெளிக்கு வந்த பிறகு, அல்லிசனே வரலாற்றாளர் ஃபிலிப் ஜெலிகோவைக் கூட்டு சேர்த்துக்கொண்டு 1999-இல் தன் நூலைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது.

இதைப் படித்தபோது உங்களுக்கு என்ன தோன்றியது? ‘அந்த ஒலிநாடாவில் வேறு என்ன இருந்தது?’ என்று கேட்கத் தோன்றியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு விண்ணப்பம் போடுங்கள். ‘சரி, யார் செய்தது நியாயம், அதைச் சொல்லுங்கள்’ என்று பொறுமை போயிருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். இது குறை இல்லை; உங்களுக்குச் சட்டமோ இதழியலோ கூடுதலாகப் பிடிக்கக்கூடும்.

இனிக் கணக்கு. கணக்குக்குப் பயந்து இந்தப் பக்கம் ஓடி வருவதாக எழுதியிருக்கிறீர்கள். இங்கேயும் அது வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறது.

மக்களாட்சி நாடுகள் ஒன்றோடொன்று போரிடுவதில்லை என்று இந்தத் துறையில் ஒரு புகழ்பெற்ற வாதம் உண்டு. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் எதைப் போர் என்கிறோம்? 1963-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டேவிட் சிங்கர் தொடங்கிய போர்த் தரவுத் திட்டம், களத்தில் 1,000 பேராவது இறந்தால்தான் போர் என்று கோடு போட்டது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத் தரவுத் திட்டம், ஓராண்டில் 25 பேர் இறந்தாலே ஆயுத மோதல் என்று பதிவு செய்கிறது. கோட்டை நகர்த்தினால் பட்டியல் மாறும். பட்டியல் மாறினால் வாதமும் ஆட்டம் காணும். 1999 கார்கில் போரின்போது இந்தியா, பாகிஸ்தான் இரண்டிலுமே தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுகள் இருந்தன. அதை விதிவிலக்கு என்று ஒப்புக்கொள்வதா, அன்றைய பாகிஸ்தானில் அதிகாரம் உண்மையில் யார் கையில் இருந்தது என்று கேட்டுப் பட்டியலிலிருந்து தள்ளுவதா? இந்தச் சண்டையில் இறங்கப் புள்ளியியல் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். பயப்படாதீர்கள், கூட்டிப் பெருக்குவதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். எதை எண்ணினார்கள், எதை விட்டார்கள், இரண்டு விஷயம் சேர்ந்து நடந்ததாலேயே ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடுமா என்று கேட்கும் புத்திதான் உங்களிடம் இருக்க வேண்டும். பள்ளிக் கணக்கில் தோற்றவர்கள் பலர் இதில் நன்றாகவே வருகிறார்கள். புள்ளியியல் தாளைக் கடைசி ஆண்டுவரை தள்ளிப் போடுகிறவர்கள்தான் திண்டாடுகிறார்கள்.

சர்வதேச உறவுகளா, அரசியல் அறிவியலா? என் ஓட்டு உங்கள் ஆசிரியைக்கு. இளநிலையில் அரசியல் அறிவியல் எடுங்கள். அதற்குள்ளேயே சர்வதேச உறவுத் தாள்களை முடிந்த மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு இந்தத் துறையின் பிறந்த கதையே சாட்சி. முதல் உலகப் போர் முடிந்த கையோடு, இனி இப்படி ஒன்று நேராமல் தடுக்க வழி தேட வேண்டும் என்று 1919-இல் வேல்ஸின் அபெரிஸ்ட்வித் கல்லூரியில் சர்வதேச அரசியலுக்கென்று உலகின் முதல் பேராசிரியர் இருக்கை அமைந்தது. ஐ.நா.வுக்கு முன்னோடியான நாடுகளின் சங்கத்துக்காகப் பாடுபட்ட அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சனின் பெயரை அதற்கு வைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் வில்சனின் சொந்த நாட்டு செனட், சங்கத்தை உள்ளடக்கிய வெர்சாய் உடன்படிக்கையை நிராகரித்தது. அடுத்த ஆண்டு மறுபடியும் வாக்கெடுப்பு, மறுபடியும் தோல்வி. அமெரிக்கா கடைசிவரை அந்தச் சங்கத்தில் சேரவே இல்லை. ஏன் என்று கேட்டால், நாடுகளுக்கு இடையிலான உறவைப் பார்த்து விடை சொல்ல முடியாது. அமெரிக்க அரசியலமைப்பில் உடன்படிக்கைக்கு செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்ற விதியையும், வில்சனுக்கும் எதிர்க்கட்சிக்கும் இருந்த பகையையும் பார்க்க வேண்டும். அரசியல் அறிஞர் ராபர்ட் புட்னம் 1988-இல் இதற்கு ஒரு நல்ல படம் வரைந்தார்: பேச்சுவார்த்தைக்குப் போகிற தலைவர் ஒரே நேரத்தில் இரண்டு மேசைகளில் ஆடுகிறார், எதிரே அந்நியர், பின்னால் சொந்த நாட்டார். சர்வதேச உறவுகளை மட்டும் படித்தால் பின்னால் இருக்கும் மேசை கண்ணுக்குத் தெரியாமல் போக வாய்ப்பு அதிகம். தேர்தல் முறைகள், கட்சிகள், நாடாளுமன்றங்கள், அதிகாரவர்க்கம் எல்லாம் அந்த மேசைச் சரக்கு.

இதிலும் சுவாரசியத்துக்குக் குறைவில்லை. நியூசிலாந்து தன் தேர்தல் முறையை மாற்றி, 1996-இல் முதன்முறையாக, கட்சி வாங்கும் ஓட்டின் அளவுக்கேற்ப இடம் தரும் விகிதாசார முறை கலந்த தேர்தலை நடத்தியது. அதற்குப் பிறகு ஒரு கட்சி தனிப் பெரும்பான்மை பெற 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மக்கள் அவர்களே, ஓட்டை எண்ணும் விதம்தான் வேறு.

இதையெல்லாம் மீறி சர்வதேச உறவுகள் என்ற பெயரிலேயே பட்டம் வேண்டும் என்றால், துறையின் பெயரை விட்டுவிட்டுப் பாடத்திட்டத்தைப் பாருங்கள். ஆய்வு முறைகளுக்கு ஒரு தாளாவது இருக்கிறதா? பொருளாதாரம் இருக்கிறதா? சர்வதேசச் சட்டம்? இறுதியாண்டில் சொந்தமாக ஓர் ஆய்வேடு எழுத வைக்கிறார்களா? பழைய வினாத்தாள்கள் கிடைத்தால் இன்னும் நல்லது. ‘ஐ.நா.வின் உறுப்புகளை விவரி’ என்ற ரகக் கேள்விகளாக நிரம்பியிருந்தால் அந்த இடம் வேண்டாம். மாணவர்கள் நாடுகளின் பிரதிநிதிகளாக நடிக்கும் மாதிரி ஐ.நா. கூட்டங்கள் அங்கே கோலாகலமாக நடக்கின்றனவா என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மேடைக் கூச்சம் போக அது நல்லது. அதற்கு மேல் அதில் கோட்டும் கழுத்துப் பட்டையும்தான்.

சித்தப்பாவுக்கு வருவோம். மருத்துவம் படித்தவருக்கு மருத்துவ வேலை இருப்பதுபோல, இந்தப் படிப்புக்கென்று ஒதுக்கி வைத்த வேலை கிடையாது. அந்த அளவுக்கு அவர் சொல்வது சரி. வெளியுறவுப் பணிக்குப் பல நாடுகள் போட்டித் தேர்வு வைத்துத்தான் ஆள் எடுக்கின்றன. எந்தப் பட்டம் என்று கேட்பதில்லை. (அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையாரிடமும் யாரும் கேட்கவில்லை. பளபளக்கும் படைக்கலங்களைக் காட்டிய தொண்டைமானிடம், எங்கள் அரசனுடையவை நுனி முறிந்து கொல்லன் உலையில் கிடக்கின்றன என்று அவர் சொன்ன பதிலைவிட நேர்த்தியான எச்சரிக்கையை நான் எந்த ராஜதந்திரக் குறிப்பிலும் பார்த்ததில்லை.) ஐ.நா.வில் நிரந்தரத் தொழில் தேடும் இளைஞர்களுக்கென ஒரு தேர்வு இருக்கிறது. வயது 32-ஐத் தாண்டியிருக்கக் கூடாது, உங்கள் நாடு அந்த ஆண்டின் பட்டியலில் இருக்க வேண்டும், இளநிலைப் பட்டம் போதும். மற்ற பல பணிகளுக்கு முதுநிலை கேட்பார்கள். ஐ.நா. செயலகத்தில் மாணவர்களுக்கான பயிற்சிப் பணிக்குச் சம்பளம் தருவதில்லை. நியூயார்க்கிலோ ஜெனீவாவிலோ சொந்தச் செலவில் தங்க முடிகிறவர்களுக்கே அது எளிது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கல்லூரி விளம்பரங்களில் இது இருக்காது.

ஆனால் வேலையே இல்லை என்பது தவறு. வங்கிகளுக்கும் கப்பல் காப்பீட்டு நிறுவனங்களுக்கும், எந்த நாட்டின் மீது யார் என்ன பொருளாதாரத் தடை விதித்திருக்கிறார்கள், இந்தச் சரக்கு அதில் மாட்டுமா என்று பார்க்க ஆள் வேண்டும். அந்நிய நாட்டில் ஆலை கட்டப்போகும் நிறுவனத்துக்கு, அங்கே ஆட்சி மாறினால் என்ன ஆகும் என்று எழுதித் தர ஆள் வேண்டும். நாடாளுமன்றக் குழுக்கள், தேர்தல் கண்காணிப்பு, அகதிகளுக்கான அமைப்புகள், இதழியல், ஆய்வு நிறுவனங்கள், ஆசிரியப் பணி எல்லாம் உண்டு. எங்கே போனாலும் கேட்கப்படும் சரக்கு ஒன்றுதான்: நூறு பக்க அறிக்கையைப் படித்து, அதில் எது நம்பத் தகுந்தது என்று இரண்டு பக்கத்தில் தெளிவாக எழுதத் தெரிய வேண்டும். ஆகவே கல்லூரியில் வாரம் ஒரு பக்கமாவது எழுதி, சிவப்பு மையால் தயங்காமல் திருத்தித் தரும் ஆசிரியரிடம் கொடுங்கள். அப்படி ஒருவரைத் தேடிப் பிடிப்பது நல்ல கல்லூரி கிடைப்பதற்குச் சமம்.

மொழி விஷயத்தில் முதலில் எந்தப் பிரதேசத்தைப் படிக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள், மொழி தானாக வந்துவிடும். இன்னும் முடிவாகவில்லை என்றால் பிரெஞ்சு எடுங்கள். ஐ.நா. செயலகத்தின் இரண்டு பணிமொழிகளில் அது ஒன்று. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் பல நாடுகளிலும் உதவும். சீனம் என்றால் கணக்கு வேறு. அமெரிக்கத் தூதரக அலுவலர்களுக்கு மொழி கற்பிக்கும் அந்நாட்டு அரசுப் பயிற்சி நிலையம், ஆங்கிலம் தெரிந்தவர் பிரெஞ்சில் வேலை பார்க்கும் அளவுக்குத் தேற சுமார் 30 வாரம் என்றும், சீனத்துக்கும் அரபிக்கும் 88 வாரம், அதாவது 2,200 வகுப்பு மணி நேரம் என்றும் கணக்கு வைத்திருக்கிறது. அதுவும் வேறு வேலை இல்லாமல் முழு நேரமும் அதையே படிப்பவர்களுக்கு. சீனம்தான் என்று மனம் சொன்னால், கல்லூரி திறக்கும்வரை காத்திருக்காமல் தேர்வு முடிந்த கையோடு தொடங்கிவிடுங்கள். இரண்டையும் சேர்த்து எடுக்க ஆசை வரும், எடுக்காதீர்கள்.