வாசகர் கேள்வி: தம்பியின் கடித வரிகளை சார் ஏன் அடித்தார்?

கேள்வி: என் தம்பி சிங்கப்பூர் வேலைக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதினான். ‘ஐ ஹேவ் பாஸ்டு டென்த் ஸ்டாண்டர்டு இன் 2016’, ‘ஐ ஆம் வொர்க்கிங் இன் எ ரைஸ் மில் சின்ஸ் 2019’ என்ற இரண்டு வரியையும் டியூஷன் சார் அடித்துவிட்டார், காரணம் சொல்லவில்லை. என்ன தப்பு? – வாசகி, தட்டோன், பர்மா

பதில்: சார் அடித்தது சரிதான் சகோதரி, ஆனால் காரணம் தெரியாவிட்டால் தம்பி அடுத்த கடிதத்திலும் அதையேதான் எழுதுவார்.

தமிழில் ‘2016-ல் பாஸ் பண்ணியிருக்கிறேன்’ என்று தாராளமாகச் சொல்வோம், அந்தப் பழக்கம்தான் இங்கே ‘ஹேவ்’ ஆக வந்து நிற்கிறது. இங்கிலீஷில் நேற்று, போன வாரம், 2016 என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் அங்கே ‘ஹேவ்’ கூடாது. ‘ஐ பாஸ்டு இன் 2016’, அவ்வளவுதான். ‘பர்மா பிகேம் இண்டிபெண்டண்ட் இன் 1948’ என்பதும் இதே கணக்கு. வருஷத்தை எடுத்துவிட்டால் ‘ஐ ஹேவ் பாஸ்டு’ ரொம்பச் சரி.

இரண்டாவது வரி இதற்கு நேர் எதிர். ‘2019-லிருந்து வேலை செய்கிறேன்’ என்பதில் வேலை இன்னும் நடக்கிறது என்பதால் தமிழில் நிகழ்காலம் போதும். இங்கிலீஷ்காரருக்கு அன்று தொடங்கியதும் இன்றுவரை ஓடுவதும் இரண்டுமே வினையில் தெரிய வேண்டும், அதனால் ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் சின்ஸ் 2019’. இதில் கவனமாக இருக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் ‘ஐ வொர்க்ட் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்று எழுதினால் மில் வேலையை விட்டுவிட்டார் என்றுதான் முதலாளி படிப்பார், ஏன் விட்டாய் என்றும் கேட்பார். தொடங்கிய நேரத்துக்கு ‘சின்ஸ்’, எத்தனை வருஷம் என்பதற்கு ‘ஃபார்’.

நம் பிள்ளைகளுக்குப் பர்மியப் பேச்சாலும் ஒரு சிக்கல் உண்டு. நேற்றுப் போனதற்கும் ‘த்வாடே’, தினமும் போவதற்கும் ‘த்வாடே’, வினை மாறாது. ‘மனேகா’ என்றால்தான் நேற்று என்று தெரியும். இதில் பழகிய பிள்ளை ‘எஸ்டர்டே ஐ கோ’ என்று எழுதுவதில் ஆச்சரியமே இல்லை. தமிழில் யோசித்தால் ‘போனேன்’ தானாக வரும், ‘வென்ட்’ டும் கூடவே வந்துவிடும்.

அப்புறம், கடிதத்தின் கடைசியில் ‘இஃப் யூ வில் செலக்ட் மீ’ என்று இருக்கிறதா பாருங்கள், முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் முடிக்கிறார்கள். ‘இஃப் யூ செலக்ட் மீ, ஐ வில் ஜாயின்’ என்பதே சரி, ‘வில்’ பின்பாதியில் மட்டும்.

அனுப்பும் முன் ‘ஹேவ்’ வரும் ஒவ்வொரு வரியிலும் வருஷம் இருக்கிறதா என்று பார்க்கட்டும். இருந்து, அதற்கு முன்னால் ‘சின்ஸ்’ இல்லையென்றால் ‘ஹேவ்’ வை எடுத்துவிடலாம்.